பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அருங்காட்சியகம்

நான் கண்காட்சி அமைப்பவள். மதுரையில் ஜவுளிச் சந்தைகளுக்கு அரங்கு போட்டுத் தொழிலைத் தொடங்கி, பிறகு சின்னச் சின்ன ஊர் அருங்காட்சியகங்கள் பக்கம் வந்து சேர்ந்தேன். ஒரு கூடத்தில் எதை எங்கே வைத்தால் உள்ளே வருகிறவர் எங்கே நிற்பார், எதைப் பார்க்காமலே கடந்து போவார் என்று யோசிப்பதுதான் வேலை. 2003இல், இலங்கையில் போர்நிறுத்தம் நடப்பில் இருந்தபோது, சிவநேசன் மாஸ்டரிடமிருந்து கடிதம் வந்தது. முந்தைய வருடம் சென்னையில் நான் நடத்திய பயிலரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு நோட்டு நிறையக் குறிப்பெடுத்தவர். கேகாலை மாவட்டத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியர். தோட்டத்தில் ஒரு வரலாற்று அருங்காட்சியகம் வைக்கப் போகிறோம், தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்தில் ஓர் அறை கிடைத்துவிட்டது, பத்தடிக்குப் பன்னிரண்டடி, வந்து வடிவமைத்துத் தர முடியுமா என்று எழுதியிருந்தார்.

மதுரையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் அளவு அது. அந்தச் சவாலுக்காகவே புறப்பட்டேன்.

கொழும்பிலிருந்து அவிசாவளை வரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அங்கே இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறிய பிறகுதான், வரைபடங்கள் வைத்திருந்த நீளக் குழாயை முதல் பஸ்ஸின் பரணிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. நான் தமிழில் பதறியதைக் கேட்ட நடத்துனர் சிங்களத்தில் யாருக்கோ கத்தினார். பத்து நிமிடம் கழித்து ஒருவர் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து வந்தார். அதை நீட்டியபடி அவர் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பக்கத்திலிருந்த பெண் எனக்குத் தமிழில் சொன்னார்: "மீன்புடிக்க வந்தீங்களான்னு கேக்குறாரு."

தெஹியோவிட்டவில் மதியச் சாப்பாடு. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் பொதிந்த சோற்றுப் பார்சல். பருப்பு, தேங்காய்ச் சம்பல், பலாக்காய், ஓரத்தில் பொரித்த மிளகாய். நம்மூரில் இரண்டு பேர் சாப்பிடுகிற சோறு. சாம்பாரும் ரசமும் இல்லாமல் இவ்வளவு சோற்றை எப்படி உள்ளே தள்ளுவது என்று மலைத்தேன். எதிரே இருந்தவர் என் பார்சலில் பாதி முடியும்முன் கைகழுவிவிட்டார்.

கரவனெல்லயில் மாஸ்டர் குடையோடு காத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வேலை கிடைத்து இளைஞராக வந்தவர், இங்கேயே நிலைத்துவிட்டார். முப்பது வருடமாகியும் பேச்சு மாறவில்லை. "களைச்சுப் போனியள் போல" என்றார். அங்கிருந்து முச்சக்கர வண்டி. புளத்கொகுபிட்டியவைத் தாண்டித் தோட்டப் பாதையில் திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. கீழே ரப்பர், மேலே தேயிலை. ஒரு வளைவில் பின்சக்கரம் சேற்றில் இறங்கியது. வண்டிக்காரர் ஓட்ட, மாஸ்டரும் நானும் தள்ளினோம். என் வெள்ளைச் சல்வார் அதோடு முடிந்தது.

பிள்ளைக்காம்பராவின் பின்னறையில் எனக்குப் படுக்கை. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்துக்கு அங்கே அதுதான் பெயர். சாப்பாட்டை ராஜேஸ்வரி என்பவர் வீட்டில் ஏற்பாடு செய்திருந்தார்கள். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. நாற்பதைத் தாண்டாத வயது, நரை மட்டும் முந்திக்கொண்டிருந்தது. அவர் வீட்டுச் சுவரை ஒட்டிய அடுத்த அறைதான் அருங்காட்சியகமாகப் போகிறது.

மறுநாள் மழையால் பால்வெட்டு இல்லை. ராஜேஸ்வரி காலையிலேயே ரொட்டியும் மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டசம்பலும் கொண்டுவந்தார். கனமான ரொட்டி, ஒன்று தின்றால் மதியம் வரை பசிக்காது. தேயிலைத் தோட்டத்தில் மணக்க மணக்கத் தேநீர் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். வந்தது கறுப்பாக, கசப்பாக ஒரு சாயத் தேத்தண்ணி, கடித்துக்கொள்ள உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. நல்ல தூளெல்லாம் கப்பலேறிவிடுகிறது, எங்களுக்கு வருவது கழிவுத் தூள் என்று சாதாரணமாகச் சொன்னார்.

பிறகு அறையை அளந்தோம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது; ராஜேஸ்வரியைக் கேட்டேன், வந்து பிடித்தார். ஒரு கதவு, கையகல ஜன்னல், கரி படிந்த தகரக் கூரை. முன்னால் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஓடும் இஸ்தோப்பு, அதாவது தாழ்வாரம். மாஸ்டர் நான்கு வருடமாகச் சேர்த்த பொருள்கள் ஒரு மூலையில் குவிந்திருந்தன. கொழுந்துக் கூடைகள், மலைக்குளிருக்குத் தலையில் போர்த்திய கம்பளிகள், பேர் பதித்த தகர வில்லைகள், குடியுரிமை ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் கிளம்புமுன் எடுத்துக்கொண்ட குடும்பப் படங்கள். நடுவே ராஜா மாதிரி ஒரு சாய்வு நாற்காலி, தொரை பங்களா கொடுத்தது. தொரை என்றால் தோட்ட நிர்வாகி. நாற்காலியின் கைகள் மட்டுமே ஓர் ஆள் நீளம் இருக்கும்.

அன்று முழுக்க வரைந்தேன். ஒரே வாசல் என்பதால் நடுவில் ஒரு பொய்ச்சுவர். இடப்பக்கம் நுழைந்து வலப்பக்கம் வெளியேற வேண்டும். கடைசி மூலையில் அடுப்பு, பாய், துணிக்கொடி எல்லாம் வைத்து லயத்து வாழ்க்கையின் மாதிரி ஒன்று. மாஸ்டர் பார்த்துவிட்டுப் பரவசப்பட்டார். எனக்கும் அன்று திருப்தியாக இருந்தது.

மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. மதியம் ராஜேஸ்வரி வேலை முடிந்து வர நேரமானதால் நானே அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். இஸ்தோப்பின் ஓரத்தில் அடுப்பு. அவருடைய மூத்த மகள் சுமதி மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். நிறைமாதம், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சுவரைப் பிடித்து மாறி மாறி அசைந்துகொண்டிருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். அங்கே குடியிருப்பவர்கள் ராஜேஸ்வரி, புருஷன், மாமியார், சுமதி, அவளுக்கு இளையவர்கள் மூன்று பேர். ஏழு பேருக்கு, நான் முந்தின நாள் அளந்த அதே அளவில் ஓர் அறை. என் படத்தில் மூலையில் நான் வரைந்து வைத்திருந்த அடுப்பும் பாயும் கொடியும் அங்கே உயிரோடு இருந்தன.

ராஜேஸ்வரி வந்தார், கைகழுவிக்கொண்டு எனக்குப் பரிமாறினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்செடுத்தார்.

"அக்கா, பக்கத்துக் காம்பராவ நாந்தான் கேட்டிருந்தேங்க. மக புள்ளப் பெத்து வந்தா எங்க போடுறதுன்னு. மியூசியத்துக்குக் குடுத்தாச்சுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்தேன். நேற்று ஏன் சொல்லவில்லை, டேப்பைக்கூட நீங்கள்தானே பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க புடிக்கச் சொன்னீங்க" என்றார்.

குரலில் கோபம் இல்லை. இன்னும் கொஞ்சம் சம்பல் வைக்கவா என்று கேட்டார்.

நான் நேராக மாஸ்டரின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். இந்த அறை வேண்டாம், வேறு இடம் பார்ப்போம் என்றேன். அவர் முகம் சிறுத்துவிட்டது.

"நாலு வருஷம் அலைஞ்சு எடுத்த அறை தங்கச்சி. இப்ப நீங்கள் வந்து மூண்டு நாளில வேண்டாம் எண்டு சொல்லுறியள்."

ராஜேஸ்வரி கேட்டது உங்களுக்குத் தெரியுமா என்றேன். தெரியும் என்றார். பிறகு தன் கணக்கைச் சொன்னார். நாம் விட்டால் அந்த அறை ராஜேஸ்வரிக்குப் போகாது. புதுக் காவல்காரருக்கோ ஆபீஸ் வேலையாளுக்கோ கொடுத்துவிடுவார்கள். மியூசியமும் போகும், அவருக்கும் கிடைக்காது. இது வெறும் சாக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த சுவருக்குப் பின்னால் ஏழு பேர் நெருக்கியடித்துப் படுத்திருக்க, இங்கே காலி அறையில் பாய் விரித்துக் காட்சிக்கு வைக்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். மாஸ்டரின் மனைவி கொண்டுவைத்த தேத்தண்ணியை இருவருமே குடிக்கவில்லை.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு மாஸ்டர் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். சவரம்கூடச் செய்திருக்கவில்லை. வாருங்கள் என்று மட்டும் சொல்லி நடந்தார். லயங்களுக்கும் பெரிய பாதைக்கும் நடுவே, பஸ்ஸுக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் போகிறவர்களும் கடந்துபோக வேண்டிய இடத்தில், ஒரு பழைய கொழுந்து மடுவம் இருந்தது. பறித்த கொழுந்தை நிறுப்பதற்கான கொட்டகை. மேலே புதியது கட்டியபின் இதைக் கைவிட்டுவிட்டார்கள். தகரக் கூரை, இடுப்பளவுச் சுவர், சிமென்ட் தரை. கதவே கிடையாது.

"திறந்த இடம். சாமான் களவு போகும். மழைச் சாரல் அடிக்கும்" என்றார் மாஸ்டர். பிறகு, "எண்டாலும் இதைவிட்டா வேற இடம் இல்லை" என்றார்.

நான் சுற்றிச்சுற்றி நடந்து பார்த்தேன். நின்ற கால்மணி நேரத்துக்குள் முப்பது பேராவது அதைக் கடந்து போனார்கள். லயத்து அறைக்கு வேண்டுமென்றே தேடி வருகிறவர்தான் வருவார். இங்கே அப்படித் தேடி வரவே வேண்டாம்.

அன்று மாஸ்டர் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு முறை கிழித்துப் போட்டார். வாழ்நாளில் லீவுக் கடிதத்தில்கூடப் பொய் எழுதாதவர் என்று அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னார். கடிதத்தின் சாரம் இதுதான்: அருங்காட்சியகம் மடுவத்தில் அமையும். லயத்து அறை, விலைமதிப்புள்ள பொருள்களைப் பாதுகாக்கும் களஞ்சியமாகத் தொடரும். பொறுப்பாளராக ராஜேஸ்வரியின் குடும்பத்திலிருந்து சிலர் அந்த அறையிலேயே தங்குவது அவசியம்.

தொரை முப்பத்தைந்து வயதுச் சிங்கள இளைஞர், மரியாதையானவர். கடிதத்தைப் படித்துவிட்டு, விலைமதிப்புள்ள பொருள் என்றால் எது என்று ஆங்கிலத்தில் கேட்டார். உங்கள் பங்களா கொடுத்த நாற்காலி என்றார் மாஸ்டர். தொரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மடுவத்தைப் பற்றி அவருக்கு ஓர் அக்கறையும் இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆக, எழுத்துப்படி நாற்காலி களஞ்சியத்தில் இருந்தாக வேண்டும். அன்று மாலையே ராஜேஸ்வரியின் மாமியாரும் சுமதியும் அந்த அறைக்குக் குடிபோனார்கள். கால்வாசி அறையை நாற்காலி அடைத்துக்கொண்டது. சுமதி அதில் சாய்ந்து, நீண்ட கைகளின்மேல் கால்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டாள். ரெண்டு வாரமாக இடுப்பைச் சாய்க்க ஓர் இடம் கிடைக்கவில்லை, இதுதான் தோதாக இருக்கிறது என்றாள்.

ஐந்தாம், ஆறாம் நாள்கள் வேலையில் போயின. புளத்கொகுபிட்டியவிலிருந்து சோமபால பாஸ் என்ற தச்சர் வந்தார். பாஸ் என்பது மேஸ்திரிக்கு அங்கே சொல்லும் மரியாதைச் சொல். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். எனக்குப் பாதி புரியும், மீதியைக் கையால் சொல்வார். மாஸ்டரின் குறிப்புகளை வைத்து நான் எழுதி, முன்பே கொழும்பில் அச்சடித்து வந்திருந்த விளக்கப் பலகைகளை மடுவத்தில் சாய்த்து வைத்தோம். மூன்று மணிக்கு வந்த மழை, காற்றோடு உள்ளே புகுந்து ஒருபக்கப் பலகைகளை அப்பளம்போல உப்பவைத்துவிட்டது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். பாஸ் ஈரத்தாளை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, ரப்பர் மரப்பலகையில் பெயின்டால் எழுதினால் நிற்கும் என்றார்.

பெயின்டில் கையால் எழுதுவதென்றால் அச்சில் இருந்ததுபோல முந்நூறு சொற்கள் எழுத முடியாது. பலகைக்கு ஒரு வரி, தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. என் முழு ஆராய்ச்சியும் போயிற்று. எந்த வரி என்று முடிவுசெய்ய வேலைமுடிந்து வந்த பெண்களைக் கூட்டினார் மாஸ்டர். கம்பளிக்குப் பக்கத்தில் "மலையில் பனியைத் தடுத்தது" என்று எழுதச் சொன்னேன். ஒருவர் இல்லை என்றார். இங்கே பனி கிடையாது, அட்டைப்பூச்சிக்கும் மழைக்கும்தான் கம்பளி, பனியெல்லாம் நுவரெலியாப் பக்கம் என்றார். திருத்தினோம். கப்பலேறியவர்களின் படங்களுக்கு என்ன எழுதுவது என்று கேட்டபோது பெண்கள் படங்களைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் ராஜேஸ்வரிதான் சொன்னார்: "இவங்க போனாங்க. நாங்க இருக்கோம். அப்புடின்னே எழுதுங்க." அப்படியே எழுதினோம். படங்களையும் வில்லைகளையும் பாஸ் கம்பிவலைக் கதவு போட்ட பெட்டிகளில் பூட்டி, சாரல் எட்டாத உயரத்தில் மாட்டினார்.

தரை காலியாக இருந்தது. அங்கே லயத்து அறையை அதன் உண்மையான அளவில் வரைந்துவிடலாம் என்று தோன்றியது. சுவர் கட்ட வேண்டாம், கோடு போதும். மறுபடி டேப்பை எடுத்தேன். இம்முறை ராஜேஸ்வரி கேட்காமலே மறுமுனையைப் பிடித்தார். பாஸ் இரண்டங்குல அகலத்தில் வெள்ளைக்கோடு இழுத்தார். வாசலுக்கு மட்டும் இடம் விட்டோம். உள்ளே ஏழு பாய்களை மஞ்சளில் வரைந்தோம். ஏழாவது பாய் வாசலை மறித்தது. ராஜேஸ்வரி அப்படித்தான் இருக்கும் என்றார்; புருஷன் கடைசியாகப் படுத்து முதலில் எழுந்திருப்பார்.

பாஸ் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டுக்குள் நின்று சுற்றிலும் பார்த்தார். "மெச்சரத?" என்றார். இவ்வளவுதானா என்று அர்த்தம். தோட்டத்தின் எல்லையிலிருந்து ஒரு மைலில் அவர் வீடு. ஐம்பது வருடம் இந்தத் தோட்டத்து ஆட்களோடு பழகியவர். லயத்துக்குள் ஒருமுறையும் நுழைந்ததில்லையாம். அன்று மாலை கூலி வாங்கியபின்னும் உடனே போகாமல், மடுவத்துச் சுவரில் ஓர் ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் போனார்.

ஏழாம் நாள் ஞாயிறு, திறப்பு. பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. குத்துவிளக்கு, ஒரு தட்டில் பிஸ்கட், அண்டாவில் தேத்தண்ணி. தோட்டத்து ஆட்கள் எல்லாரும் வந்தார்கள், கீழே கிராமத்திலிருந்தும் கொஞ்சம் பேர். என் தொழிலில் திறப்பு விழாவன்று நான் ஓரமாக நின்று கால்களைத்தான் பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். தோட்டத்தார் ஒவ்வொருவரும், குழந்தைகள் உட்பட, கோட்டில் விட்டிருந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்கள். சிலர் செருப்பைக் கழற்றினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் பலரும் வெள்ளைக்கோட்டைச் சாதாரணமாகத் தாண்டினார்கள்.

தொரையும் வந்தார். சுவர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தவர், தெரியாமல் கோட்டைத் தாண்டிப் பாயின்மேல் நின்றுவிட்டார். ராஜேஸ்வரி அவர் முன்னால் போய்ச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்; ஆனாலும் மடுவத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் என் காதில் மொழிபெயர்த்தார்: "தொரை, இது மாமியார் படுக்கிற இடம். வாசல் அங்கால இருக்கு எண்டு சொல்லுறா."

தொரை குனிந்து காலடியைப் பார்த்தார். முகம் சிவந்தது. கையெழுத்துப் போட்டவர் அவர், நினைத்தால் ரத்துசெய்துவிடலாம். அவர் வந்த வழியே வெளியேறி, சுற்றிக்கொண்டு வந்து, வாசலில் நின்று, சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ராஜேஸ்வரி ஒவ்வொரு பாயாகக் காட்டினார். இது பெரிய மகள். இது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். அடுப்பு இங்கே. மழை பெய்தால் பாய்கள் இந்தப் பக்கம் நகரும். தொரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

எட்டாம் நாள் நான் கிளம்புகிற நாள். பெட்டியைக் கட்டி முச்சக்கர வண்டியில் ஏற்றும்போது, சுமதிக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. தோட்டத்து லொறி கீழே போயிருந்தது. என் பெட்டியை இறக்கி மாஸ்டரின் வீட்டில் வைத்துவிட்டு, சுமதியையும் ராஜேஸ்வரியையும் ஏற்றிக்கொண்டு கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே சேற்று வளைவில் வண்டிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். நல்லவேளை, அன்று தரை காய்ந்திருந்தது.

சுமதியை உள்ளே கொண்டுபோனார்கள். பதிவு எழுதும் மேசையில் ராஜேஸ்வரி நெடுநேரம் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வடையும் வாழைப்பழமும் வாங்கித் தின்றேன். மதியம் தாதி ஒருவர் வந்து பெண் குழந்தை, இருவரும் நலம் என்றார். ராஜேஸ்வரி முகத்தைச் சேலையால் அழுந்தத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் பெட்டியை யாரோ பஸ்ஸில் அனுப்பிவைத்துவிட்டார்கள். அது எனக்கு முன்பே கரவனெல்லச் சந்தியில் காத்திருப்பதாகத் தகவல் வந்தது.

காலையில் அந்த எழுத்தரோடு அவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று கேட்டேன்.

"விலாசம் கேட்டாருங்க. மியூசியம் காம்பரான்னு சொன்னேன். அது என்ன மியூசியம்னாரு, வெவரம் சொன்னேன். எந்தெந்த நாளு தொறந்திருக்கும்னு கேட்டாரு."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன்.

"கதவே இல்லீங்க, எப்ப வேணும்னாலும் வாங்கன்னேன். எழுதிக்கிட்டாரு."